புளி எப்போது ஊற்றுவது?

புளியைக் கரைத்து ஊற்றிவிட்டால் அப்புறம் காய் வேகாது. அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்த எவருக்கும் இது தெரியும். சேனைக்கிழங்கோ முள்ளங்கியோ அரை வேக்காட்டில் இருக்கும்போது அவசரப்பட்டுப் புளித்தண்ணீரைச் சேர்த்தால், குழம்பு சுண்டிக்கொண்டே போகும். காய் மட்டும் நறுக்கென்றே கிடக்கும். அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் பலன் இல்லை.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. அமிலம் என்றால் எதையும் அரிக்கும் என்றுதான் நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். களிம்பேறிய பித்தளைக் குடத்தைப் பளபளக்க வைப்பதும் இதே புளிதான். உலோகத்தின் மேல் படிந்ததைக் கரைக்கிற ஒன்று, ஒரு துண்டு முள்ளங்கியை மட்டும் ஏன் கரையவிடாமல் காப்பாற்றுகிறது? போதாக்குறைக்கு, வெண்டைக்காயையும் முருங்கைக்காயையும் தொடக்கத்திலிருந்தே புளித்தண்ணீரில் போட்டுச் சாம்பார் வைக்கிற வீடுகளும் நிறைய உண்டு. அங்கே காய் வேகவில்லை என்று யாரும் பட்டினி கிடக்கவில்லை.

பதிலுக்குப் போகுமுன், காய் வேகும்போது என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். அரிசி வேகிறது என்றால் அதிலுள்ள மாவுச்சத்து தண்ணீர் குடித்து உப்புகிறது. உருளைக்கிழங்கிலும் அது நடக்கும். ஏறக்குறைய 60 முதல் 70 டிகிரிக்குள் முடிந்தும்விடும். ஆனால் பீர்க்கங்காயிலும் முட்டைக்கோஸிலும் மாவுச்சத்து சொல்லிக்கொள்ளும்படி கிடையாது. அவையும் வேகத்தான் செய்கின்றன. முதலில் துவள்கின்றன, பிறகு மசிகின்றன. துவள்வதற்குக் காரணம் எளிது. பச்சைக் காயின் ஒவ்வொரு செல்லும் நீரை அடைத்துக்கொண்டு விம்மி நிற்கிறது. சூட்டில் செல்லின் சவ்வு பழுதாகி நீர் கசிந்துவிடுகிறது. சட்டி கொள்ளாத கீரை நிமிடத்தில் ஒரு கரண்டியாகச் சுருங்குவது இப்படித்தான். மசிவது வேறு கதை. புளி தலையிடுவது அங்கேதான்.

காயைச் செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்வோம். செங்கல் ஒவ்வொன்றும் ஒரு செல். செல்லைச் சுற்றி செல்லுலோஸ் என்ற உறுதியான இழைகளால் ஆன செல்சுவர் உண்டு. வீட்டு அடுப்பில் நாள் முழுக்கக் கொதித்தாலும் செல்லுலோஸ் அசைந்து கொடுக்காது. ஒரு செல்லையும் அடுத்த செல்லையும் ஒட்டிவைக்கும் சாந்து இன்னொரு பொருள். அதற்குப் பெக்டின் என்று பெயர். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே பெக்டின் நிறைந்த இந்தப் பூச்சை இடையடுக்கு எனலாம். கொதிக்கும்போது செங்கல் அப்படியே இருக்கிறது, சாந்து கரைகிறது. செங்கற்கள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்றுகொள்கின்றன. பல்லுக்கு மெத்தென்று படுவது அந்தக் கழற்சிதான்.

எல்லா இடத்திலும் வெறும் பெக்டின் சாந்து மட்டும் இருப்பதில்லை. முருங்கைக்காயின் தோல் நார்களில் லிக்னின் என்ற மரச்சத்து ஏறியிருக்கிறது. மரத்தை மரமாக்குவது அதுதான். கொதிநீருக்கு அது மசியாது. அதனால்தான் சதையைச் சூப்பிவிட்டுச் சக்கையை இலையோரம் ஒதுக்குகிறோம். பீட்ரூட்டில் ஃபெருலிக் அமிலம் என்ற மூலக்கூறு குறுக்கே நின்று பெக்டின் இழைகளைப் பிணைத்திருக்கிறது. கேரட் வெந்து முடித்த பிறகும் பீட்ரூட் அடம்பிடிப்பதில் இதற்குப் பங்குண்டு.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது? பச்சை உருளைக்கிழங்கை ஒடித்து, ஒடிந்த முகத்தை நுண்ணோக்கியில் வைத்தால் செல்கள் நடுவில் பிளந்து கிடக்கும். வெந்த கிழங்கை விண்டு பார்த்தால் பெரும்பாலான செல்கள் முழுசாக, ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும். உடைவு செல்லின் குறுக்கே போகாமல் செல்களுக்கு நடுவே போகிறது. இன்னும் வலுவான சான்று, அடுப்பே இல்லாமல் காயை ‘வேகவைப்பது’. பெக்டினை மட்டும் செரிக்கிற நொதியில் காய்த்துண்டை ஊறப்போட்டால், ஒரு டிகிரிகூடச் சூடேற்றாமலே செல்கள் தனித்தனியாகக் கழன்றுவிடும். செல்லுலோஸ் அப்படியே இருக்க, சாந்து மட்டும் போனாலே போதும் என்பதற்கு இதைவிட நேரடியான நிரூபணம் வேண்டியதில்லை.

பெக்டினுக்கு அந்தப் பெயரை வைத்தவர் பிரான்சின் நான்சி நகரில் தாவரத் தோட்டத்தை நிர்வகித்த வேதியியலாளர் ஆன்ரி பிராகோனோ, ஆண்டு 1825. ஜாமை உறைய வைக்கும் பொருள் என்ற அளவில் உலகம் அதைக் கொண்டாடியது. அது எப்படி அறுபடுகிறது என்பது தெளிவாக இன்னும் 135 ஆண்டுகள் ஆயின.

பெக்டின் ஒரு நீண்ட சங்கிலி. கடும் அமிலத்தில் கொதித்தால் அது துண்டாகும் என்பது முன்பே தெரிந்த விஷயம். 1960இல் ஜூரிச்சில் ஆல்பர்ஷைம், நியூகோம், டாயல் என்ற மூவர் வேறொன்றைக் காட்டினார்கள். அமிலம் சேர்க்காத, நடுநிலையான கரைசலிலும் வெறும் சூட்டில் அந்தச் சங்கிலி அறுகிறது. ஆனால் அறுகிற விதம் வேறு. சங்கிலியின் பல கண்ணிகளில் மீதைல் என்ற சிறு தொகுதி ஒட்டியிருக்கும். நீரில் உலவும் ஹைட்ராக்சைடு அயனி, அந்தக் கண்ணியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கிறது. அங்கே சங்கிலி அறுந்துபோகிறது. இதற்குப் பீட்டா நீக்கம் என்று பெயர். அறுபட்ட நுனியில் இரட்டைப் பிணைப்பு ஒன்று மிஞ்சும். 235 நானோமீட்டர் புற ஊதா ஒளியை அது உறிஞ்சும். அமிலம் அறுத்த நுனியில் அது இருக்காது. ஆகவே கரைசலின் ஊடே ஒளியைச் செலுத்தினாலே, அறுத்தது யார் என்று சொல்லிவிடலாம். மீதைல் தொகுதிகளை முன்கூட்டியே நீக்கிவிட்ட சங்கிலி, அதே சூட்டில் எளிதில் அறுவதில்லை. கைரேகையும் கிடைத்தது, ஆயுதமும் கிடைத்தது.

இனிப் புளிக்கு வரலாம். ஒரு திரவத்தில் ஹைட்ராக்சைடு அயனிகள் எவ்வளவு என்பதைப் பி.எச். என்ற அளவு சொல்கிறது. 7 நடுநிலை. அதிலிருந்து ஒரு படி இறங்கினால் அந்த அயனிகள் பத்தில் ஒரு பங்காகும். இரண்டு படி இறங்கினால் நூறில் ஒரு பங்கு. பெரும்பாலான காய்களின் சாறு 5-க்கும் 6.5-க்கும் இடையில் இருக்கும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அதை 4-ஐ ஒட்டி இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே பீட்டா நீக்கத்துக்கு வேண்டிய ஹைட்ராக்சைடு அநேகமாக இல்லை. சரி, அமிலமே நேரடியாகச் சங்கிலியை அறுக்கக்கூடாதா? அறுக்கும், ஆனால் அது வேகம் பிடிப்பது பி.எச். 3-க்கும் கீழே. மனிதர் சாப்பிடுகிற குழம்பு அந்த அளவுக்குப் புளிப்பதில்லை. இரண்டு வழியும் மந்தமாகிற நடுப்பகுதியில், ஏறத்தாழ 4-இல், காய் மிக உறுதியாக நிற்கிறது. நம் புளிக்குழம்பு போய் உட்காருவது சரியாக அந்த இடத்தில். பித்தளைக் களிம்பு உலோக ஆக்சைடு. அதை அமிலம் கரைப்பது முற்றிலும் வேறு வேதிவினை.

நம்பாதவர்கள் ஒரு கேரட்டை ஒரே கனத்தில் வட்டமாக நறுக்கி மூன்று சட்டிகளில் போடலாம். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் கெட்டிப் புளிக்கரைசல், ஒன்றில் சிட்டிகை சமையல் சோடா. மூன்றிலும் கொஞ்சம் மஞ்சள்தூள் போட்டால் பி.எச். அளக்கிற தாள்கூட வேண்டாம். சோடாச் சட்டி மட்டும் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து குங்குமமாகிற அதே மாற்றம். மூன்றையும் ஒரே நேரத்தில் இறக்கிக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். சோடாவில் வெந்தது குழைந்திருக்கும். புளியில் வெந்தது கத்தியைத் தள்ளும்.

சோடா இவ்வளவு வேகமாக வேலை செய்கிறதென்றால் அதையே பயன்படுத்தலாமே? கீரை பச்சை மாறாமலிருக்கச் சிட்டிகை சோடா போடும் வழக்கமும் உண்டு. பச்சை நிறத்துக்கு அது நல்லதுதான். பச்சையத்தின் நடுவே ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. இலையிலிருந்தே கசியும் அமிலம் அதைத் தள்ளிவிட்டு ஹைட்ரஜனை உட்காரவைக்கும்போதுதான் கீரை மங்கிய பழுப்புப் பச்சையாகிறது. சோடா அந்த அமிலத்தை முறிக்கிறது. ஆனால் காரத்தன்மை தயாமின் என்ற பி1 வைட்டமினையும் வைட்டமின் சி-யையும் சேர்த்தே அழிக்கிறது, கீரையும் கூழாகிறது. கீரைச் சட்டியை மூடாதே என்று பெரியவர்கள் சொல்வது இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி. ஆவியாகிற அமிலங்கள் மூடியில் பட்டுத் திரும்பி விழாமல் வெளியே போய்விடுகின்றன. என் கட்சி மூடாத சட்டியின் கட்சி.

சாந்தைக் கெட்டியாக்கும் இன்னொரு ஆள் கால்சியம். மீதைல் இல்லாத இரண்டு பெக்டின் சங்கிலிகளுக்கு நடுவே கால்சியம் அயனி அமர்ந்து இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஆக்ராவின் பேட்டா மிட்டாயைக் கடித்தால் சர்க்கரைப் பாகில் நெடுநேரம் வெந்த வெண்பூசணி குழையாமல் நறுக்கென்றிருக்கும். பாகுக்கு முன் அதைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைக்கிறார்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாமல் அழிச்சாட்டியம் செய்வதும் இதனால்தான். அந்தக் கடின நீரில் கரைந்திருக்கிற கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் சாந்தை இறுக்குகின்றன.

நாள்பட்ட கொண்டைக்கடலை வேகாததற்கும் இங்கேயே விளக்கம் இருக்கிறது. பயறுக்குள் பைட்டேட் என்ற பொருள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைத்திருக்கும். சூடும் ஈரப்பதமுமான இடத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் ஒரு நொதி அந்தப் பைட்டேட்டைச் சிதைக்கிறது. விடுபட்ட அயனிகள் நேராகப் பெக்டினிடம் போய்ச் சேர்கின்றன. பட்டாணியை ஆராய்ந்த மேட்சன் என்ற விஞ்ஞானி 1946இலேயே இந்த வழியைச் சுட்டினார். கடலை வாங்கும்போது விலையைவிட அது எத்தனை நாள் மூட்டையில் கிடந்தது என்பதைத்தான் கேட்க வேண்டும். கடைக்காரர் சொல்வாரா என்பது வேறு விஷயம்.

உப்பு போட்டாலும் பருப்பு வேகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. புளியைப் பற்றி அடுப்படி சொல்வது சரி. உப்பைப் பற்றிச் சொல்வது அநேகமாகத் தப்பு. சாப்பாட்டு உப்பிலுள்ள சோடியம், கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கால்சியம்போல் இரண்டு சங்கிலிகளை இணைக்க அதனால் முடியாது. கொண்டைக்கடலையையும் ராஜ்மாவையும் உப்பு நீரில் ஊறவைத்தால் சீக்கிரமாகவே வேகின்றன.

கடைசியாகச் சூடு. சாந்து குறிப்பிடத்தக்க வேகத்தில் கரைவது 80 டிகிரியைத் தாண்டிய பிறகுதான். குக்கருக்குள் தண்ணீர் 120 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது; அதனால்தான் சேனைக்கிழங்கும் அங்கே சரணடைகிறது. கொடைக்கானலில், 2,100 மீட்டர் உயரத்தில், தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த சட்டியில் எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. 60 டிகிரி சுற்றுவட்டாரத்தில் நடப்பதோ நேர்மாறு. அந்தச் சூட்டில் காயிலேயே இருக்கும் ஒரு நொதி விழித்துக்கொண்டு மீதைல் தொகுதிகளைக் கழற்றுகிறது. அறுபடக்கூடிய இடங்கள் குறைகின்றன, கால்சியம் உட்கார இடங்கள் கூடுகின்றன. அப்படி அரைமணி நேரம் வெதுவெதுப்பில் கிடந்த உருளைக்கிழங்கு, பிறகு கொதித்தாலும் விளிம்பு உடையாமல் நிற்கும். வறுவலுக்கு இது வரம், மசியலுக்குச் சாபம். மசிக்கிற கிழங்கைத் தயங்காமல் தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் போடலாம்.

இவ்வளவும் தெரிந்தால் இரவுச் சமையலுக்கு என்ன லாபம்? நம் வீடுகளில் காய் அதிகம் விடுபட்டுப்போவது இரவில்தான். தோசை, சட்னி, இல்லையென்றால் சப்பாத்தி, கிழங்கு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குக் காயும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் என்கிறது. உருளைக்கிழங்கு போன்ற மாவுக்கிழங்குகள் அதில் கணக்கில் வராது. மதியக் கூட்டும் பொரியலும் மட்டும் வைத்துக்கொண்டு அந்த அளவை எட்டுவது கடினம். இரவு ஒரே சட்டியில் காய், பருப்பு, சோறு மூன்றையும் முடிக்கிற ஏற்பாடு ஒன்று திருநெல்வேலிப் பக்கம் ஏற்கனவே இருக்கிறது: கூட்டாஞ்சோறு. இன்ன காய்தான் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. குளிர்பெட்டியில் மிஞ்சிக் கிடக்கிற அரை வாழைக்காயும் நாலு சீனியவரையும் போதும். காய் மாறும்போது போடும் வரிசை மட்டும் மாறும். வரிசையைச் சொல்வது பெக்டின்.

துவரம்பருப்பு முதலில். அது பாதி வெந்ததும் அரிசியும், சாந்து இறுகிய காய்களும்: வாழைக்காய், சீனியவரை, கேரட், முருங்கைக்காய். இவை கிட்டத்தட்ட முழுசாக வெந்த பிறகுதான் புளித்தண்ணீர். கத்தரிக்காய், மஞ்சள் பூசணி மாதிரிச் சட்டென்று கரைகிறவற்றைப் புளிக்குப் பின்னால் போட வேண்டும். மெல்லிய காய்களுக்குப் புளி எதிரியாக இல்லாமல் காவலாக இருக்கிறது. வெண்டைக்காயைப் புளித்தண்ணீரிலேயே வேகவைக்கிற சாம்பார் வீடுகள் செய்வதும் இதைத்தான். அங்கே காய் முழுசாக நிற்க வேண்டும் என்பதே நோக்கம். பிறகு தேங்காய், சீரகம், வற்றல் மிளகாய், சின்ன வெங்காயம் அரைத்த விழுது. முருங்கைக்கீரை கடைசியில், மூடாமல்.

வீட்டில் பல் இல்லாத தாத்தாவும் குழைந்ததைத் தொடாத பிள்ளையும் இருந்தால் இரண்டு சமையல் தேவையில்லை. புளி ஊற்றுமுன் தாத்தாவின் பங்கைத் தனியே எடுத்து இன்னும் கொஞ்ச நேரம் வேகவிட்டு, புளியை இறுதியில் சேர்க்கலாம். பிள்ளையின் பங்கில் கொஞ்சம் முன்னதாகவே ஊற்றிவிடலாம்.

சத்துக் கணக்கிலும் இந்த வரிசை நஷ்டமில்லை. வைட்டமின் சி தண்ணீரில் கரைந்து ஓடுகிற சத்து. இங்கே வடித்துக் கொட்டுகிற தண்ணீரே கிடையாது. புளிப்பான சூழலில் அது கொஞ்சம் நிலைத்தும் நிற்கும். கேரட், பூசணி, கீரையிலுள்ள கரோட்டின் செல்களுக்குள் அடைபட்டிருப்பது. சாந்து கரைந்து சுவர்கள் தளர்ந்தால்தான் எளிதில் வெளியே வரும். வந்தாலும் குடல் அதை உறிஞ்சக் கொழுப்பு வேண்டும். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், எண்ணெயே இல்லாத சாலட் சாப்பிட்டவர்களின் இரத்தத்தில் கரோட்டின் வகைகள் கிட்டத்தட்ட ஏறவே இல்லை. எண்ணெய் சேர்த்தபோது ஏறின. தேங்காய் விழுதும், இறக்கும்போது விடுகிற ஒரு கரண்டி நல்லெண்ணெய்த் தாளிப்பும் ருசிக்கு மட்டும் இல்லை.

மாங்காய்க் காலத்தில் கூட்டாஞ்சோற்றில் ஒரு துண்டு மாங்காய் போடுவதுண்டு. அதைப் பார்வைக்குக் காய் என்று வாழைக்காயோடு சேர்த்துவிடக் கூடாது. புளியின் கணக்கில் வைத்து, புளி போகிற நேரத்தில்தான் போட வேண்டும். அன்றைக்குப் புளியையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.